பல்லு முளைக்கறக்கு எதுக்கப்பா பஞ்சாயத்து?

ஏங்கண்ணு, மொகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறே? புள்ளைக்கு 9 மாசம் ஆகியும் பல்லு வரலயா? அட, இம்புட்டுத்தானா! நான் என்னமோ பேங்குக்காரன் வந்து கதவைத் தட்டிட்டானாக்கும்னு நெனச்சேன்.

செல்போன்ல ஒரு ஆப்பு வச்சிருக்கறயாமா. ஆறாம் மாசம் கீழ்ப்பல்லு ரெண்டு வந்துடோணும்னு அது சொல்லுதாமா. வரலைன்னு தெனமும் காலையில மணியடிச்சு ஞாபகப்படுத்துதாமா. பக்கத்து ஊட்டுப் பாப்பாவுக்கு நாலு முளைச்சு, அதைப் படம் புடிச்சு, கேக்கு வெட்டி, ஊருக்கே அனுப்பி வச்சாங்களாமா. அதுல இருந்து நீ தூங்கறதில்ல, உன்ற பொண்டாட்டி சோறு திங்கறதில்ல. புள்ளை மட்டும் நல்லாத் தின்னு நல்லாத் தூங்குது. ஊட்டுல ஒருத்தருக்காவது புத்தி இருக்குதேன்னு சந்தோசப்படு.

அப்புனு, ஒண்ணு கேக்கறேன். உனக்குப் பொண்ணு குடுத்தாரே உன்ற மாமனார், அவரு வந்து ‘மாப்பிள்ளைக்கு மொதப் பல்லு எத்தனாவது மாசம் வந்துச்சு’ன்னு விசாரிச்சாரா? இந்த ஊர்ல அஞ்சாம் மாசமே பல்லைக் காட்டிச் சிரிச்சவனும் இருக்கறான், வருசம் திரும்பியும் பொக்கை வாயோட திரிஞ்சவனும் இருக்கறான். ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே பந்தியில ஒக்காந்து முறுக்கு கடிக்கறாங்க. யாருது முந்தி வந்த பல்லுன்னு உன்னால கண்டுபுடிக்க முடியுமா?

கணக்கு வேணும்னா சொல்றேன், கேட்டுக்கோ. கீழ முன்பல்லு ரெண்டும் 6 மாசத்துல இருந்து 10 மாசத்துக்குள்ள வரும். பொறவு மேல நடுவுல ரெண்டு. அப்புறம் அதுக்குப் பக்கத்துப் பல்லுக. அடுத்தது கோரைப்பல்லுன்னு நீ நெனப்பே. இல்ல. அதுக்கு எடம் உட்டுட்டு ஒன்றரை வயசு வாக்குல மொதக் கடவாய்ப்பல்லு தாண்டி முளைக்கும். அதுக்கப்புறந்தான் கோரை. கடைசீல ரெண்டாங் கடவாய். ரெண்டரை, மூணு வயசுக்குள்ள மேல 10, கீழ 10, ஆக மொத்தம் 20. ரெண்டு மூணு மாசம் முன்னப்பின்ன ஆகறதெல்லாம் ஒரு சமாச்சாரமே இல்ல. அப்பனுக்குப் பிந்தி வந்திருந்தா மவனுக்கும் பிந்தலாம், உன்ற ஆத்தாளைப் போய்க் கேளு. ஒன்றரை வயசாகியும் ஒண்ணுகூட எட்டிப் பாக்கலைன்னா அப்பப் போயி டாக்டரைப் பாரு. தைராய்டு கொறையா இருக்கலாம், விட்டமின் டி பத்தாம எலும்பு மெலிஞ்சிருக்கலாம். அதுவரைக்கும் பொட்டாட்ட இரு.

நாங்க பல்லு பாக்கக் கத்துக்கிட்டது மாட்டுச் சந்தையில. கண்ணபுரம் சந்தைக்கோ, அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கோ போயிருக்கறயா? எங்க போயிருக்கப் போறே! மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கெடையாது, அதாவது தெரியுமா? கீழதான் 8. ஒதட்டைப் பிதுக்கி அதைத்தான் பாப்போம். எட்டும் சின்னதா இருந்தா பல்லு போடாத கன்னு. ரெண்டு வயசு வாக்குல நடுப்பல்லு ரெண்டும் விழுந்து அகலமா ரெண்டு வந்துடுச்சுன்னா ‘ரெண்டு பல்லு’ம்போம். பொறவு நாலு பல்லு, ஆறு பல்லு. நாலு வயசுக்கு மேல எட்டும் மாறிடுச்சுன்னா கடை சேர்ந்துடுச்சு. தரகன் லேசுப்பட்டவனில்ல. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசறக்கு முந்தி எத்தனை மாறியிருக்குது, வரிசை ஒழுங்கா வந்திருக்குதா, இதைத்தான் பாப்பான். எந்தத் தேதியில முளைச்சுதுன்னு எந்தத் தரகனும் கேட்டதில்ல. மாட்டுக்குக் குடுக்கற மரியாதையை உன்ற புள்ளைக்கும் குடு.

சரி, பல்லு எப்ப உண்டாகுதுன்னு நெனக்கறே? ஈறுல வெள்ளையா ஒரு முனை தெரியுதே, அன்னைக்கா? என்ற பேத்தி பல் டாக்டருக்குப் படிச்சவ. லீவுக்கு வந்தா திண்ணையில ஒக்காந்து எனக்குப் பாடம் நடத்துவா. கரு உண்டாகி ஆறாவது வாரத்துலயே தாடையில ஒரு பட்டை தடிச்சு, அதுல மொட்டு மொட்டா வித்து விழுந்துடுமாமா. நாலாம் மாசம் வாக்குல கெட்டிப்பட ஆரம்பிச்சுடுமாமா. நீ வளைகாப்புக்குப் பந்தல்காரனைத் தேடிட்டு அலைஞ்சியே, அப்பவே 20 பால்பல்லுக்கும் தாடைக்குள்ள வேலை நடந்துட்டு இருந்திருக்குது. அதை எந்த ஆப்பு மணியடிச்சு நடத்துச்சு?

எனாமல்னு மேல ஒரு ஓடு இருக்குது பாரு, ஒடம்புல அதைவிடக் கெட்டியானது வேற எதுவும் இல்ல. அதைச் சுரக்கற அணுக்கள் வேலையை முடிச்சுட்டு, பல்லு வெளிய வர்றப்போ செத்துப் போயிடும். தோலு கிழிஞ்சாக் கூடும். எலும்பு ஒடிஞ்சாச் சேரும். எனாமல்ல குழி விழுந்தா விழுந்ததுதான். நீ எந்தப் பசையைத் தேச்சு அதை மறுபடி வளத்தப் போறே? பேத்தி இன்னொரு அதிசயமும் சொன்னா. புள்ளை பொறந்து விழற அன்னைக்கு, வெளிக்காத்துப் பட்ட தடுமாத்தத்துல சுரக்கறது சித்த நேரம் தட்டுக்கெட்டு, பால்பல்லு எனாமல்ல ஒரு கோடு விழுந்துடுமாமா. மைக்ராஸ்கோப்புல பாத்தாத் தெரியுமாமா. ஜோசியன் குறிச்சது தப்பாயிருந்தாலும் பல்லு குறிச்சு வச்சிருக்கும்.

சுரக்கற காலத்துல உள்ள என்ன போகுதோ, அதும் அங்க பதிஞ்சுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாத்திருப்பே. இளந்தாரிப் பசங்க, சலவைச் சட்டை, வாயைத் தொறந்தா பல்லுல பழுப்புத் திட்டு. வெத்தலையா, பீடியா? ரெண்டும் இல்ல. கெணத்துத் தண்ணியில புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஆகாதுங்கறாங்க. எட்டு வயசுக்குள்ள, பல்லு தாடைக்குள்ள உருவாகறப்போ குடிச்ச தண்ணியோட வேலை அது. பொறவு குடிச்சா பல்லைத் தொடாது, எலும்பைப் புடிக்கும். எலும்பு முடங்கற அந்தச் சீக்கை, அப்போ மதராஸ் மாகாணத்துல இருந்த பொதிலிப் பக்கம் 1937லயே பாத்து எழுதியிருக்கறாங்க. ஒகேனக்கல் தண்ணியைக் குழாய்ல கொண்டுபோனதே இதுக்குப் பயந்துதான். அந்தப் பசங்களைப் பாத்து ‘பல்லு வெளக்க மாட்டியா’ன்னு கேக்கறவன் மசையன். அதே கணக்குத்தான் டெட்ராசைக்ளின் மாத்திரைக்கும். வயித்துல புள்ளை இருக்கறவளுக்கும் எட்டு வயசுக்குள்ள இருக்கற பொடுசுகளுக்கும் கண்டபடி குடுத்தா, முளைக்கற பல்லு கறையோடயே முளைக்கும். மருந்துக் கடைக்காரன்கிட்ட ‘ஏதாச்சும் குடுப்பா’ன்னு கை நீட்டாதே.

அடுத்தது இந்தக் காய்ச்சல் நாயம். ‘பல்லு முளைக்குது, அதான் சுடுது’ன்னு எங்க கெழவிக சொல்லுவாங்க. உன்ற வாட்சப் குரூப்பும் அதையேதான் சொல்லுது. கெழவி சொன்னா பொகையிலை வாசம் சேந்து வரும், அம்புட்டுத்தான் வித்தியாசம். பல்லு முளைக்கறப்போ எச்சில் வடியும். ஈறு நமைக்கும். கையில கெடச்சதைக் கடிக்கும். ராத்திரி சிணுங்கும். ஒடம்பு லேசா வெதுவெதுன்னு இருக்கும். கொதிக்கற காய்ச்சலும் வயித்தால போறதும் பல்லோட வேலை இல்ல. ஆறு மாசத்துக்கு மேல தாய்கிட்ட வாங்கின எதிர்ப்புச் சத்து கொறையும். புள்ளை தவழ்ந்துபோயி தரையில கெடக்கறதையெல்லாம் வாயில போடும். சீக்கு வரும். அதே மாசம்தான் பல்லும் வருது. பழியை அது மேல போட்டுட்டு நீ டாக்டர்கிட்டப் போகாம இருக்கறே.

கோட்டும் தொப்பியும் போட்டவங்க ஒண்ணும் ஒசத்தியில்ல. 1839ல, அந்த ஒரே வருசத்துல இங்கிலாந்துப் பக்கம் 5,000க்கு மேல கொழந்தைக பல்லு முளைச்சதால செத்துச்சுன்னு சர்க்கார் கணக்குலயே எழுதி வச்சாங்க. பல்லு வரட்டும்னு டாக்டருகளே ஈறைக் கத்தியால கீறி உட்டாங்க. அப்புறம் பாதரசம் கலந்த பொடியை, பல்லு முளைக்கறக்கு மருந்துன்னு வித்தாங்க. தின்ன கொழந்தைகளுக்குக் கையுங்காலும் செவந்து தோலு உரிஞ்சுது. அந்தப் பொடி கடையை உட்டுப் போனது 1954 வாக்குல. அதுவரைக்கும் எத்தனை படிச்சவன் காசு குடுத்து வாங்கியிருப்பான்!

நீ என்ன வாங்கியிருக்கறே? அம்பர் மணி மாலை. கழுத்துல போட்டா ஈறு வலி போயிடுமாமா. கயிறு கழுத்தை இறுக்கினா? மணி அறுந்து தொண்டையில சிக்கினா? அமெரிக்காவுலயே 2018ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஈறு மரத்துப்போற ஜெல்லும் ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம். சுத்தமான துணியை நனைச்சு, குளிர வச்சு, நீயே புடிச்சுக் கடிக்கக் குடு. அதுக்கு ஒரு பழைய வேட்டிக் கிழிசல் போதும். காசு செலவாகலையேன்னு மனசு கேக்கலைன்னா கோயில் உண்டியல்ல போடு.

எங்க ஆளுகளையும் உட்டுடப் போறதில்ல. மேல்பல்லு முந்தி முளைச்சா தாய்மாமனுக்கு ஆகாதாமா. என்ற தங்கச்சி மவனுக்கு மேலதான் முந்தி வந்துச்சு. நான் இன்னும் உன்கிட்ட ஒக்காந்து பேசிட்டுத்தான் இருக்கறேன். பல்லோடவே பொறக்கற புள்ளையும் உண்டு. ரெண்டாயிரம் மூவாயிரத்துல ஒண்ணு. அதைப் பாத்துட்டுக் குடும்பமே மந்திரிக்கறவன் ஊட்டுக்கு ஓடும். பெரும்பாலும் அது அவசரப்பட்டு வந்த பால்பல்லுதான். ரொம்ப ஆடினா, புள்ளை மூச்சுக்குழல்ல போயிடாம டாக்டர் எடுத்துடுவாரு. நாக்கை அறுத்தா மழுக்கி உடுவாரு. இல்லைன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். மந்திரிக்கறவன் மட்டும் அதுக்கு ஒரு சேவல் கேப்பான்.

நெசமாவே பயப்பட வேண்டியது எதுன்னு கேட்டா, அதுக்கு ஆப்புல மணி இல்ல. 2019ல மெட்ராசுல 7 வயசுப் பையன் ஒருத்தனுக்கு சவீதா பல் ஆசுபத்திரியில ஆபரேசன் பண்ணினாங்களே, பேப்பர்ல படிச்சியா? வலது பக்கம் கீழ்த்தாடை வீங்கியிருந்துச்சு. தொறந்து பாத்தா உள்ள ஒரு பை, 200 கிராம் எடை. பைக்குள்ள பல்லு, பல்லு, பல்லு. எண்ணி முடிக்க மணிக்கணக்காச்சு. 526! சிலது கண்ணுக்கே தெரியாத பொடி. ஆனா ஒவ்வொண்ணும் எனாமலோட, வேரோட. பல்லு செய்யற வித்து ஒரு எடத்துல கணக்குத் தப்பிச் செஞ்சுட்டே போனா அப்படி ஆகுமாமா. அது புத்துநோய் இல்ல, எடுத்துட்டா தீந்துது. அந்த வீக்கம் மூணு வயசுலயே தெரிஞ்சிருக்குது. ஒரு பக்கத் தாடை வீங்கினாலோ, ஒரு பக்கம் பல்லு வந்து பல மாசமாகியும் மறுபக்கம் அதே பல்லு வரலைன்னாலோ படம் எடுத்துப் பாக்கோணும். இது கவலைப்பட வேண்டிய கவலை.

இதுக்கு நேர்மாறும் உண்டு. டார்வின்னு ஒரு தாடிக்காரர் இருந்தாரே, அவரு 1875லயே எழுதியிருக்கறாரு. சிந்து தேசத்துல ஒரு குடும்பம். நாலு தலைமுறையில பத்து ஆம்பளைங்களுக்கு மேலயும் கீழயும் சேத்து ஒரு டஜன் பல்லுதான். ஒடம்புல முடி ரொம்பக் கொறைவு, வேசகாலத்துல தோலு வறண்டு தவிப்பாங்களாமா. பொம்பளைப் புள்ளைகளுக்கு அது வராது, ஆனா அவங்க வயித்துல பொறக்கற பசங்களுக்கு வரும். பல்லும் முடியும் வேர்வைச் சுரப்பியும் கருவுல ஒரே பொரையில இருந்து கெளம்பறதுன்னு பேத்தி சொன்னா. அதனால பல்லு இல்லாத புள்ளைக்கு வேர்க்குதான்னும் பாக்கச் சொன்னா. ஒண்ணு ரெண்டு பல்லு மட்டும் இல்லாமப் பொறக்கறவங்க ஊருக்குள்ள நெறையப் பேரு. கடைசிக் கடவாய்ப்பல்லு, அந்த 18, 20 வயசுல வர்றது, பல பேருக்கு எடம் பத்தாமச் சாஞ்சு படுத்துக்கும். இன்னும் சிலருக்கு வரவே வராது. வரலைன்னு யாரும் அழுததில்ல. வந்துதான் அழுவாங்க.

ஆறேழு வயசுல நீ இன்னும் எத்தனை கூத்து அடிக்கப் போறியோ! கீழ பால்பல்லு விழறக்கு முந்தி, அதுக்குப் பின்னால ரெண்டாவது வரிசையில புதுப்பல்லு எட்டிப் பாக்கும். அய்யோ ரெட்டைப்பல்லுன்னு கத்துவே. பால்பல்லு ஆடிச்சுன்னா உடு, அது விழும், நாக்கு தள்ளித் தள்ளிப் புதுசை முன்னால கொண்டாந்துடும். மாசக்கணக்கா அசையவே இல்லைன்னா எடுக்கச் சொல்லு. புதுப்பல்லு மஞ்சளா இருக்குதும்பே. பால்பல்லுக்குப் பக்கத்துல அப்படித்தான் இருக்கும். நுனியில மூணு மொட்டு இருக்குதும்பே. கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சுடும். எட்டு வயசுல மேல்பல்லு ரெண்டும் நடுவுல சந்து உட்டு விசிறி விரிச்சு நிக்கும். உடனே கம்பி போடறவனைத் தேடி ஓடுவே. உள்ள கோரைப்பல்லு எறங்கிட்டு இருக்குது, அது பக்கத்து வேரைத் தள்ளுது. 11, 12 வயசுல அது எறங்கினதும் முக்காவாசிப் பேருக்குச் சந்து தானா மூடிக்கும்.

வெளையாட்டுல உழுந்து பல்லு தெறிச்சா மட்டும் ஓடு. பால்பல்லுன்னா திருப்பி வைக்கக் கூடாது. சாணியில உருட்டிக் கூரை மேல வீசிடு. பெரிய பல்லுன்னா வேரைத் தொடாதே, தேச்சுக் கழுவாதே. பசும்பால்ல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்டப் போ. சீக்கிரம் வச்சா ஒட்டிக்கும். மண்ணு போகட்டும்னு சேலைத் தலைப்புல துடைச்சுத் துடைச்சு, ஒட்ட வேண்டிய நாரையெல்லாம் கொன்னுட்டுக் கொண்டுபோறாங்களாமா. சுத்தக்காரங்க!

இத்தனைக்கும் கவலைப்படற நீ, உன்ற மூத்தவன் வாயைப் பாத்தியா? ராத்திரி புட்டிப்பாலை வாயில சொருகித் தூங்க வச்சு மேல்பல்லு நாலும் கறுத்துப் போச்சு. கேட்டா ‘பால்பல்லுதான தாத்தா, விழப் போறது’ங்கறே. முன்பல்லு ஆறேழு வயசுல விழும், சரி. பால் கடவாய்ப்பல்லு விழறது 10, 12 வயசுல. அதுவரைக்கும் அவன் எதுல மெல்லுவான்? அதுக்கும் கீழதான் பெரிய பல்லு காத்திட்டிருக்குது. அது மேல வர வர, பால்பல்லோட வேரு கரைஞ்சுட்டே போகும். அதனாலதான் விழற பல்லுல வேரே இருக்காது. சொத்தைன்னு எட்டு வயசுலயே புடுங்கிப் போட்டேன்னா, காலி எடத்தைப் பாத்ததும் பின்னால இருக்கற பல்லு, பங்காளி வரப்பைத் தள்ளற மாதிரி, ஒவ்வொரு நூலா முன்னால நகரும். பொறவு வர்ற பல்லுக்கு எடம் ஏது? வெளிய துருத்தும், இல்லைன்னா உள்ளயே மாட்டிக்கும். புடுங்கியே ஆகோணும்னா எடம் காக்கற வளையம் ஒண்ணு போடச் சொல்லோணும். அதை ஊருல எத்தனை அப்பன் கேட்டு வாங்கறான்?

நான் பங்காளின்னு சொன்னேனே, அந்தப் பின்னால இருக்கற பல்லு எதுன்னு தெரியுமா? ஆறு வயசுல முளைக்கறது. அதுக்காக எந்தப் பால்பல்லும் விழறதில்ல. ரத்தம் இல்ல, ஆட்டம் இல்ல, கூரை மேல வீசறது இல்ல. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால சத்தமில்லாம வந்து நின்னுக்கும். அதுக்கு எனாமல் கட்ட ஆரம்பிச்சது அவன் பொறந்த சமயத்துல. ஆறு வருசம் உள்ள இருந்து செஞ்ச பல்லு. வாய்க்குள்ள அதைவிடப் பெருசு இல்ல. மென்னு திங்கறதுல பெரும்பங்கு அதுதான். மேல ஆழமா பள்ளம் பள்ளமா இருக்கும், மிட்டாய் மாவு உள்ள எறங்கி ஒக்காந்துக்கும், பிரஷ்ஷு நுனி எட்டாது. அம்மாக்காரி ஒருநாள் கறுப்பாப் பாப்பா. ‘பால்பல்லுதான, விழுந்துடும்’னு உட்டுடுவா. அது விழாது. சாகற வரைக்கும் இருக்க வேண்டியது, எட்டு வயசுலயே குழி விழுந்து, பத்து வயசுல புடுங்கற எடத்துக்கு வந்துடும். முளைச்ச சூட்டோட பள்ளத்தை அடைச்சு ஒரு பூச்சு பூசினா போதும். ஊசி இல்ல, வலி இல்ல, கொஞ்ச நேர வேலை.

அதுனால, அந்தச் சின்னதை உடு. அதுக்குப் பல்லு வரும். மூத்தவனைக் கூப்புடு. பொழுது இருக்கறப்பவே வாசல்ல நிறுத்தி அண்ணாத்திப் புடி. முன்பல்லு நடுவுல இருந்து ஒரு பக்கமா எண்ணிட்டுப் போ. அஞ்சோட நின்னா எல்லாம் பால்பல்லு, இல்லைன்னா அது இருந்த எடத்துல முளைச்சது. ஆறாவதா ஒண்ணு இருந்தா அதுதான். வெரலை உட்டுப் பாரு, பள்ளம் பிசுபிசுங்குதா, கறுத்திருக்குதா? மேல கீழ நாலு மூலையும் பாக்கோணும். ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும்ல? எஞ்சினீயருக்குப் படிச்சவன்தான நீ?